பார்க்காததை எப்படி விரும்புவார்கள்? நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கான கல்லூரி, தொழில் களப்பயணம்: ஒரு வழிகாட்டி

நம் மஹல்லாவின் மக்தப் மத்ரஸாவுக்கு மாலையில் ஓத வரும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நாள் பாடத்தைச் சற்று நிறுத்திவிட்டு, "பெரியவர்களானதும் என்ன ஆகப் போகிறீர்கள்?" என்று கேட்டோம். சுமார் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். டாக்டர், இன்ஜினியர், போலீஸ், டீச்சர் என்ற நான்கு பதில்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. பையன்களில் ஏழெட்டுப் பேர் "சவூதிக்குப் போவேன்", "அத்தா கடையைப் பார்ப்பேன்" என்றார்கள். பின்வரிசையில் இருந்த இரண்டு பெண் பிள்ளைகள் பதிலே சொல்லவில்லை.

"சவூதியில் என்ன வேலை?" என்று கேட்டால் அந்தப் பையன்களுக்குத் தெரியவில்லை. "டாக்டராக எத்தனை வருடம் படிக்க வேண்டும்?" என்று கேட்டால் டாக்டராகப் போகிறவர்களுக்கும் தெரியவில்லை. விசாரித்தபோது, அவர்களில் ஒருவர்கூட அதுவரை ஒரு கல்லூரியின் வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை என்று தெரிந்தது. ஒரு பிள்ளை, தான் பார்த்த வாழ்க்கையைத்தான் தனக்கும் விரும்பும். பார்க்காததை எப்படி விரும்பும்?

இந்தக் கேள்வியைக் கேட்க நம்மைத் தூண்டியது வேறொரு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன் பிளஸ் டூ முடித்த மாணவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். நல்ல மதிப்பெண் எடுத்திருந்தார். மருந்தாளுநராக வேண்டும், பி.பார்ம் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் பிளஸ் ஒன்னில் அவர் எடுத்தது வணிகவியல் பிரிவு. நண்பர்கள் எல்லாரும் அதில் சேர்ந்தார்கள் என்பதால் அவரும் சேர்ந்திருந்தார். பி.பார்ம் படிக்க இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் படித்திருக்க வேண்டும். "இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே, ஹஜ்ரத்" என்றார். அந்த மாணவர் ஏழு வருடம் நம்மிடம்தான் ஓதினார். சொல்லியிருக்க வேண்டியவர்களில் நாமும் ஒருவர்.

அதற்குப் பிறகுதான் நம் மஹல்லாவில் ஆண்டுக்கு இரண்டு களப்பயணங்கள் நடத்தத் தொடங்கினோம். அதில் கற்றுக்கொண்டதையும், மற்ற ஜமாஅத்துகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் விவரங்களையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஏன் நடுநிலை வகுப்பிலேயே?

"பிளஸ் டூ முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்பதுதான் நம் வீடுகளில் வழக்கமான பேச்சு. ஆனால் பல கதவுகள் அதற்கு முன்பே திறந்து, முன்பே மூடிவிடுகின்றன. அவற்றைப் பெற்றோர் வரிசையாகத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆறாம் வகுப்பு: தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-இல் அது விரிவாக்கப்பட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது இதன் அடிப்படை. கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் (2022), தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார் என்பதையே பார்க்கின்றன. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் நாளிலேயே இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளிக்கான நுழைவுத் தேர்வும் ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கே தொடங்கிவிடுகிறது.

எட்டாம் வகுப்பு: தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு, சுருக்கமாக என்.எம்.எம்.எஸ்., எட்டாம் வகுப்பில் எழுதும் தேர்வு. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். தேர்வானவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். எட்டாம் வகுப்பு தாண்டிவிட்டால் இந்த வாய்ப்பு திரும்ப வராது.

பத்தாம் வகுப்பு: பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., மேல்நிலைப் பள்ளி என்று பாதை பிரியும் இடம். சில ஐ.டி.ஐ. பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தகுதியிலேயே சேரலாம்.

பிளஸ் ஒன்: இங்கே எடுக்கும் பிரிவே கல்லூரியைத் தீர்மானிக்கிறது. மருத்துவத்துக்கும் நர்சிங்குக்கும் உயிரியல் வேண்டும். கட்டடக்கலைக்கும் கப்பல் பணிக்கான படிப்புகளுக்கும் கணிதம் வேண்டும். சட்டம், ஆடிட்டர் படிப்பான சி.ஏ., ஆடை வடிவமைப்பு ஆகியவற்றுக்கு எந்தப் பிரிவிலிருந்தும் போகலாம்.

2006-இல் வெளிவந்த நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு அறிக்கை, இந்திய அளவில் 6 முதல் 14 வயதுக்குட்பட்ட முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்று சொன்னது. தமிழகத்தின் நிலை அதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு மஹல்லாவுக்கும் தெரியும். நிறுத்துவது என்ற முடிவு, எழும் வயதிலேயே அதற்கு எதிரான ஓர் ஆசையை விதைக்க வேண்டும்.

இது நாம் மட்டும் சொல்வதல்ல. அமெரிக்காவில் 1998-இல் தொடங்கப்பட்ட 'கியர் அப்' என்ற அரசுத் திட்டம், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை ஏழாம் வகுப்புக்குள்ளாகவே கல்லூரிகளுக்கு அழைத்துச் சென்று காட்டத் தொடங்குகிறது. நம் நாட்டின் தேசியக் கல்விக் கொள்கையும் (2020) ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்த் தொழிலாளர்களோடு பழக வேண்டும் என்கிறது. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் பிளஸ் டூ மாணவர்களைக் கல்லூரிகளுக்குக் களப்பயணமாக அழைத்துச் செல்கிறார்கள். அதற்கு முந்தைய வயதை வீடும் ஜமாஅத்தும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் பயணத்தில் நாம் செய்த தவறு

முதல் முறை ஒரு பெரிய கல்லூரிக்கு அழைத்துச் சென்றோம். அன்போடு வரவேற்றார்கள். அரங்கில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் உரை நிகழ்த்தினார்கள். பிஸ்கட் பாக்கெட் தந்தார்கள், குழுவாகப் படம் எடுத்தார்கள், திரும்பிவிட்டோம். மறுநாள் பிள்ளைகளிடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டோம். வரவேற்பறையில் இருந்த மீன் தொட்டியைத் தவிர யாருக்கும் எதுவும் நினைவில்லை.

தவறு அந்தக் கல்லூரியுடையது அல்ல. "எதைக் காட்ட வேண்டும்" என்று நாம் சொல்லவில்லை. அடுத்த முறை மூன்று விஷயங்களை மட்டும் எழுதிக் கேட்டோம். பத்து நிமிடத்துக்கு மேல் உரை வேண்டாம். வேலை நடக்கும் ஆய்வகத்திலோ பட்டறையிலோ பிள்ளைகள் நிற்க வேண்டும். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து அங்கே படிக்கும் மாணவர் ஒருவர் பிள்ளைகளோடு அரை மணி நேரம் பேச வேண்டும். அந்தப் பயணத்தில் ஒரு மாணவி நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைக் காட்டினார். பிள்ளைகள் இன்றும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த மாணவி நம் பக்கத்து ஊர்க்காரர் என்பது அவர்களுக்கு இன்னும் பெரிய ஆச்சரியம்.

எங்கே அழைத்துச் செல்லலாம்?

எல்லாரும் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் காட்ட இடங்கள் உண்டு. எங்கு சென்றாலும் முன்அனுமதி பெற்றே செல்ல வேண்டும்.

சென்னை: கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் (2010) பிர்லா கோளரங்கமும் (1988) அருகருகே இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் (1948) உள்ளது. நம் சமுதாயத்தில் பலர் தலைமுறைகளாகத் தோல் தொழிலில் இருக்கிறார்கள். அந்தத் தொழிலுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.டெக். படிப்பே இருக்கிறது என்பதைத் தோல் வியாபாரிகளின் பிள்ளைகளே அறியாமல் இருக்கக் கூடாது. ராயப்பேட்டை புதுக்கல்லூரி (1951), பெண்களுக்கான எஸ்.ஐ.இ.டி. கல்லூரி (1955) ஆகியவற்றையும் காட்டலாம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி: 1919-இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியும், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியும் (1965) இங்கே உள்ளன. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. 1986-இல் அர்ப்பணிக்கப்பட்டது. பிறை பார்க்கும் சமுதாயத்தின் பிள்ளைகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடம்.

திருச்சி, தஞ்சை, நாகை: ஜமால் முகமது கல்லூரி (1951), அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி (1955), திருச்சி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம், வாழை ஆராய்ச்சி மையம், தஞ்சை சரசுவதி மகால் நூலகம், நாகையில் மீன்வளப் பல்கலைக்கழகம் (2012).

மதுரை, தேனி, சிவகங்கை, இராமநாதபுரம்: மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் (2023), கீழடி அருங்காட்சியகம் (2023), உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி (1956), காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம். மண்டபம்தான் அந்த நிறுவனத்துக்குப் பல ஆண்டுகள் தலைமையிடமாக இருந்தது. கீழக்கரையில் பெண்களுக்கான தாசிம் பீவி அப்துல் காதர் கல்லூரி (1988) உள்ளது.

நெல்லை, தூத்துக்குடி: சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி (1971), பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி, மாவட்ட அறிவியல் மையம், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி (1977).

கோவை: வேளாண்மைப் பல்கலைக்கழகம், 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம்.

மத்திய அரசின் ஆய்வகங்களில் செப்டம்பர் 26-ஐ ஒட்டியும் (சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள்), பிப்ரவரி 28-ஐ ஒட்டியும் (தேசிய அறிவியல் நாள்) மாணவர்களுக்குக் கதவைத் திறந்து வைப்பது வழக்கம். அந்த நாட்களைக் கவனித்துத் திட்டமிடுங்கள்.

தொலைவே போக முடியாத ஜமாஅத்துகள் கவலைப்பட வேண்டாம். நம் பயணங்களில் பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்டது உள்ளூர் அரசு மருத்துவமனையில்தான். டாக்டர், நர்ஸ் இரண்டு பேரை மட்டுமே அறிந்திருந்தவர்கள், அங்கே எக்ஸ்ரே எடுப்பவர், இரத்தம் பரிசோதிப்பவர், மருந்தாளுநர், டயாலிசிஸ் பார்ப்பவர், கண் பரிசோதகர், பதிவேடு வைப்பவர் என்று பலரைப் பார்த்தார்கள். ஒரு கட்டடத்துக்குள் இத்தனை வேலைகளா, ஒவ்வொன்றுக்கும் தனிப் படிப்பா என்று வியந்தார்கள். தீயணைப்பு நிலையம், வங்கி, அச்சகம், ஐ.டி.ஐ. பட்டறை, நீதிமன்றம் எதுவானாலும் இப்படிக் காட்டலாம்.

பயணத்துக்கு முன்

ஒன்று: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகள், ரமளான் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் பெரும்பாலும் ஏற்றவை. வெள்ளிக்கிழமை வேண்டாம். கல்லூரி இயங்கும் நாளாக இருக்க வேண்டும். காலிக் கட்டடத்தைப் பார்ப்பதில் பயனில்லை. பள்ளி நாள் என்றால் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இரண்டு: ஒரு மாதத்துக்கு முன்பே ஜமாஅத்தின் கடிதத் தாளில் எழுதிக் கேளுங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை, வகுப்பு, வரும் நேரம், பார்க்க விரும்பும் துறை எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள்.

மூன்று: நாற்பது பேருக்கு மேல் வேண்டாம். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியைகளோ தாய்மார்களோ கட்டாயம். பெற்றோரின் கையெழுத்திட்ட ஒப்புதலும், கைப்பேசி எண்ணும், ஒவ்வாமை, ஆஸ்துமா போன்ற விவரங்களும் கையில் இருக்க வேண்டும்.

நான்கு: முறையான அனுமதியும் காப்பீடும் உள்ள வாகனம் மட்டுமே. "அப்படியே கடலையும் பார்த்துவிட்டு வரலாம், அணையில் குளித்துவிட்டு வரலாம்" என்ற பேச்சுக்கு இடமே தராதீர்கள். இது அமானிதமான பிள்ளைகள் விஷயம்.

ஐந்து: லுஹர், அஸர் தொழுகைக்கு இடத்தையும் நேரத்தையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். உணவை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொன்னால் செலவும் குறையும்.

ஆறு: பணம் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் வீட்டில் நிற்கக் கூடாது. எல்லாரிடமும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு மீதியை ஜமாஅத் ஏற்கலாம். யாருக்கு இலவசம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது.

பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். பார்க்கும் ஒருவரிடமாவது இந்த ஐந்தையும் கேட்டு எழுதிவர வேண்டும்.

இந்த வேலையில் காலையிலிருந்து மாலை வரை என்ன செய்கிறீர்கள்?
இதற்கு என்ன படித்தீர்கள், எத்தனை வருடம்?
பிளஸ் டூவில் என்ன பிரிவு எடுத்தீர்கள்?
படிப்புச் செலவை எப்படிச் சமாளித்தீர்கள்?
இந்த வேலையில் கஷ்டமானது எது?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கஷ்டத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளைதான் ஏமாறாது.

திரும்பி வந்த பிறகு

பயணத்தின் பாதிப் பலன் மறுநாள்தான் கிடைக்கிறது. ஒவ்வொருவரும் தான் சந்தித்த ஒருவரைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். முடிந்தால் பெற்றோரையும் அழைத்து உட்கார வையுங்கள். மகன் பேசுவதை அத்தா கேட்கும்போது, அவருக்கும் அந்தத் தகவல் போய்ச் சேருகிறது. அந்தக் கூட்டத்திலேயே என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குப் பெயர் எழுதிக்கொள்ளலாம். சாதிச் சான்றிதழையும் சரிபார்க்கச் சொல்லலாம். தமிழகத்தில் 2007 முதல் முஸ்லிம்களுக்குள்ள 3.5 சதவீத இட ஒதுக்கீடு, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, ஷேக், சையத், மாப்பிள்ளா, அன்சார், தூதேகுலா என்று பட்டியலிட்ட பிரிவினருக்கே உரியது. சான்றிதழில் பிரிவின் பெயர் சரியாக இல்லாவிட்டால், கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் அலைய வேண்டிவரும்.

மத்ரஸாவில் ஹிஃப்ழு ஓதும் பிள்ளைகளையும் இந்தப் பயணங்களில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாமும் மத்ரஸாவில் ஓதி முடித்த பிறகுதான் அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தோம். கிதாபும் கல்லூரிப் பாடமும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. அரபித் துறை உள்ள கல்லூரிகளை அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டினால், ஆலிம் படிப்புக்குப் பிறகும் பாதை உண்டு என்பது புரியும்.

பெண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள்

இரண்டாவது பயணத்துக்குப் பெயர் கொடுத்த ஒரு மாணவியின் தகப்பனார் முதல் நாள் இரவு நம்மிடம் வந்தார். "பொம்பளைப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு ஹஜ்ரத்? பத்தாவதோட நிறுத்திடலாம்னு இருக்கோம்" என்றார். நாம் வாதம் செய்யவில்லை. அவருக்கு ஒரு வரலாற்றைச் சொன்னோம்.

1890-களில் திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க இளம்பெண் தன் பெற்றோரைப் பார்க்க வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் துடிக்கும் தம் மனைவியைக் காப்பாற்ற வரும்படி அவரை அழைத்தார்கள். மூவரில் ஒருவர் முஸ்லிம். அவர் டாக்டர் அல்ல. அவருடைய தந்தைதான் டாக்டர். ஆண் மருத்துவர் பார்ப்பதை மூவரும் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது. 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை 1918-இல் தொடங்கினார்.

"நம் வீட்டுப் பெண்களுக்குப் பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்கிறோம். அந்த டாக்டர் யார் வீட்டிலிருந்து வர வேண்டும்?" என்று மட்டும் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவ அம்மாவும் கூட வரலாமா?" என்றார். வந்தார்கள். அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறார். பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுக்கப் போவதாகச் சொல்கிறார். தகப்பனார் இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் "நிறுத்திடலாம்" என்று இப்போது சொல்வதில்லை.

கல்விக்காகப் பயணம் போவது நம் சமுதாயத்துக்குப் புதிதும் அல்ல. தந்தையை இழந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்களைத் தாயார்தான் வளர்த்தார். பதினாறு வயதில் தாயாரோடும் சகோதரரோடும் ஹஜ்ஜுக்குச் சென்றவர், ஹஜ் முடிந்ததும் கல்விக்காக மக்காவிலேயே தங்கிக்கொண்டார். தாயார் சம்மதித்துத் திரும்பினார். அந்தச் சம்மதத்தின் பலனை உம்மத் இன்றும் அனுபவிக்கிறது.

ஒரு வாகனம், நாற்பது பிள்ளைகள், ஒரு பகல் பொழுது. ஒரு திருமண விருந்தின் செலவில் ஒரு சிறு பகுதி போதும். வரும் கல்வியாண்டில் உங்கள் மஹல்லாவிலும் ஒரு பயணம் புறப்படட்டும். முதல் பெயராக, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக. ஆமீன்.